சிக்கனம் எங்கே முடிகிறது? கஞ்சத்தனம் எங்கே தொடங்குகிறது?

எம்மவர் நாலு பேர் கூடும் இடத்தில் இந்த நாட்டு மக்களைப் பற்றிய பேச்சு எழுந்தால், சற்று நேரத்தில் ஒரு தீர்ப்பு வந்துவிடும். "இவர்கள் சரியான கஞ்சர்கள்" என்பதே அந்தத் தீர்ப்பு. கோப்பியுடன் ஒரேயொரு பிஸ்கற் தந்துவிட்டுப் பேணியை மூடிவிடுவார்கள், உணவகத்துக்குப் போனால் ஆளுக்காள் கணக்குப் பிரிப்பார்கள், மார்கழிக் குளிரிலும் வீட்டைச் சூடாக்காமல் கம்பளிச் சட்டையுடன் குந்தியிருப்பார்கள் என்று ஆதாரங்களும் அடுக்கப்படும். பக்கத்தில் இருந்து கேட்கும் எமது பிள்ளைகள் ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் அவர்கள் இரண்டு விதமான வீடுகளுக்கும் போய் வருபவர்கள். பள்ளித் தோழியின் வீட்டில் 19 பாகை. தமது வீட்டில் 23 பாகை. தோழியின் தாய் தகப்பன் நல்ல உத்தியோகம் பார்க்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அப்படியானால் அந்த வீட்டில் நடப்பது என்ன? அறமா, குறையா? இந்தக் கேள்விக்குப் பெற்றோராகிய நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்று சொல்லிவிடுவது இலகு. இரண்டுக்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது என்பதுதான் கடினம். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். சிக்கனக்காரரும் விளக்கை அணைக்கிறார். கஞ்சரும் விளக்கை அணைக்கிறார். கணக்கெழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இந்தக் கேள்வியில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு. பேரேட்டில் இருவருடைய சேமிப்பும் ஒரே பக்கத்தில், ஒரே தொகையாகவே பதியப்படும். தொகையை மட்டும் பார்த்து மனிதரை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆகவே சொற்களை வைத்து வாதாடுவதிலும் பார்க்க, ஒரு வீட்டையும் அந்த வீட்டின் ஒரு பனிக்காலத்தையும் எடுத்து ஆராய்ந்து பார்ப்போம்.

மாஸ்ரரும் ரீச்சரும்

உத்ரெக்ட் மாகாணத்தில் நாம் குடியிருக்கும் தெருவில், எமக்கு அடுத்த வீட்டில் ஓர் ஆசிரியத் தம்பதியர் வாழ்கின்றனர். இருவரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். மனைவி ஆரம்பப் பாடசாலையில் கடைசி வகுப்புக்கு, அதாவது 11, 12 வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். கணவர் ஓர் இடைநிலைப் பாடசாலையில் புவியியல் ஆசிரியர். எம்முடன் வாழும் என் தாயார் ஊர் வழக்கப்படி அவர்களை ரீச்சர் என்றும் மாஸ்ரர் என்றுமே அழைப்பார். டச்சுப் பிள்ளைகளும் ஆண் ஆசிரியரை 'மேஸ்ரர்' என்றே கூப்பிடுவதால், அந்த அழைப்பு அவருக்குப் புதிதாகப் படவில்லை. நானும் இங்கு அப்படியே குறிப்பிடுகிறேன்.

மார்கழி மாதக் கடைசியில் இங்கு சூரியன் காலை எட்டேமுக்காலுக்கு உதித்து, மாலை நாலரைக்கு மறைந்துவிடும். பாடசாலையோ எட்டரைக்குத் தொடங்குகிறது. ஆகவே இருவரும் இருளில் புறப்பட்டு, வகுப்பும் கூட்டங்களும் முடிந்து இருளில் திரும்புகிறார்கள். ஏழரை மணிக்கு சைக்கிள் விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் மறு பக்கமுமாகப் போவது எமது சமையலறை யன்னலால் தெரியும். மழையோ, எதிர்க்காற்றோ, வீதியில் உறைபனியோ, அந்த நேரம் மாறுவதில்லை.

புறப்படும்போது வீட்டின் வெப்பத்தை 15 பாகைக்கு இறக்கிவிடுவார்கள். மாலையில் வந்து 19 பாகைக்கு ஏற்றுவார்கள். அதற்கு மேல் இல்லை. இருட்டியதும் திரைச்சீலைகளை இழுத்து மூடி, கதவின் அடியால் காற்று வராமல் ஒரு துணிச்சுருளை வைப்பார்கள். ஓர் அறை மட்டுமே சூடாக்கப்படும். அங்கே ஒரு மேசையின் இரு பக்கமும் இருந்து இருவரும் கொப்பிகள் திருத்துவார்கள். நடுவே ஒரு தேநீர்க் கேத்தல். சூடு ஆறாமல் இருக்க அதன் அடியில் ஒரு சிறு மெழுகுதிரி. உருளைக்கிழங்கையும் பூரன்கோல் என்னும் சுருட்டைக் கீரையையும் ஒன்றாக மசித்த ஸ்ராம்பொற் அல்லது பட்டாணிப் பருப்புச் சூப் இரண்டு நாளைக்குச் சேர்த்துச் சமைக்கப்படும். தை மாதம் வந்தால் ரீச்சருக்கு வேலை கூடிவிடும். ஒவ்வொரு பிள்ளையும் அடுத்து எந்த வகையான இடைநிலைப் பாடசாலைக்குப் போகலாம் என்று வகுப்பாசிரியர் முதல் ஆலோசனையை எழுதவேண்டிய மாதம் அது. ஒரு பிள்ளையின் பாதையைத் தீர்மானிக்கும் எழுத்து என்பதால், இரவு பத்து மணிக்கும் அந்த மேசையில் விளக்கு எரியும். பிறகு ஆளுக்கொரு சுடுநீர்ப் பையுடன் படுக்கப் போவார்கள்.

இதுதான் அவர்களுடைய பனிக்காலம். கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை ஐந்து மாதமும் இப்படியே போகும். "இரண்டு சம்பளம் எடுத்தும் இந்தப் பாடா?" என்று எம்மவர் கேட்பது நியாயமான கேள்விதான்.

ஒரு பாகையின் கணக்கு

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். வீட்டு வெப்பத்தை ஒரு பாகை குறைத்தால் எரிவாயுச் செலவு ஏறக்குறைய 6 முதல் 7 வீதம் குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு 1,000 கனமீற்றர் எரிவாயு எரிக்கும் ஒரு வீட்டில் இரண்டு பாகை குறைத்தால் சுமார் 120 கனமீற்றர் மிச்சமாகும். 2023 ஆம் ஆண்டில் அரசு எரிவாயு விலைக்கு வரம்பு விதித்தபோது, வீடொன்றின் முதல் 1,200 கனமீற்றருக்கு, கனமீற்றர் ஒன்று 1.45 யூரோ என்று நிர்ணயித்தது. அந்த விலையில் கணக்கிட்டால் ஆண்டுச் சேமிப்பு 174 யூரோ. மாதத்துக்குப் பதினைந்து யூரோ கூட இல்லை. இரண்டு ஆசிரியர் சம்பளம் வரும் வீட்டில் இந்தத் தொகைக்காக யாரும் ஐந்து மாதம் கம்பளிச் சட்டையுடன் இருக்கத் தேவையில்லை. அப்படியானால் காரணம் காசு அல்ல.

பழக்கமா என்று கேட்டால், ஓரளவுக்கு ஆம். இந்த நாட்டின் மேற்குப் பகுதி நகரங்கள் 1944-45 பனிக்காலத்தில் பஞ்சத்தில் வாடின. ஜேர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் உணவும் எரிபொருளும் இல்லாமல் சுமார் 20,000 பேர் இறந்தனர். மக்கள் ரியூலிப் கிழங்கையும் சீனிக் கிழங்கையும் அவித்து உண்டனர். தளபாடங்களையும், ட்ராம் தண்டவாளங்களுக்கு இடையிலிருந்த மரக்கட்டைகளையும் அடுப்பில் எரித்தனர். அந்தத் தலைமுறையினர் வளர்த்த பிள்ளைகளின் பிள்ளைகளே இன்றைய ஐம்பது வயதினர். 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை விதிக்கப்பட்டதும் இங்கு இன்னும் பேசப்படும் கதை.

ஆனால் பழக்கம் மட்டும் அறமாகிவிடாது. பஞ்சத்தைக் கண்டவரின் வீட்டில் பகிர்ந்துண்ணும் பழக்கமும் வரலாம். பூட்டி வைக்கும் பழக்கமும் வரலாம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஆகவே வரலாற்றைச் சொல்லி ஒருவரைப் புகழவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. இன்று அவர் என்ன நினைத்துச் செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

சுவரில் விழுந்த வெடிப்பு

மாஸ்ரர் பிறந்தது நாட்டின் வடகிழக்கிலுள்ள குரோனிங்கன் மாகாணத்துக் கிராமம் ஒன்றில். அந்த மாகாணத்தின் ஸ்லொக்ரரன் பகுதியில் 1959 இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அது ஐரோப்பாவின் மிகப் பெரிய எரிவாயு வயல். 1963 இல் வாயு எடுக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் குழாய்கள் பதிக்கப்பட்டு, வீடுகளில் இருந்த நிலக்கரி அடுப்புகள் மறைந்தன. தெற்கே லிம்பேர்க்கிலிருந்த நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போவதாக 1965 இல் அரசு அறிவித்தது. 1974 முடிவில் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. வாயுவால் அரசுக்குக் கிடைத்த வருமானம் மொத்தம் 360 பில்லியன் யூரோவுக்கு மேல். நாமும் எமது பிள்ளைகளும் பயன்படுத்தும் வீதிகள், பாடசாலைகள், சமூக உதவிகள் எல்லாவற்றிலும் அந்தக் காசின் பங்கு உண்டு.

இது வரவுப் பக்கம். செலவுப் பக்கம் வெகு காலம் எழுதப்படவே இல்லை. சுமார் மூன்று கிலோமீற்றர் ஆழத்திலிருந்து வாயுவை எடுக்க எடுக்க, அது நிறைந்திருந்த பாறை அமுங்கியது, நிலம் தாழ்ந்தது, நிலநடுக்கங்கள் தொடங்கின. 2012 ஆவணி 16 இல் ஹௌசிங்க கிராமத்தில் ஏற்பட்ட நடுக்கத்தின் அளவு 3.6. எண்ணைப் பார்த்தால் சிறிது. ஆனால் ஆழம் குறைந்த இடத்தில் ஏற்படுவதால் மேலேயுள்ள வீடுகளை அது நன்றாகவே உலுக்கும். அந்த மாகாணத்தில் பல்லாயிரக்கணக்கான வீடுகள் வெடித்தன. மாஸ்ரரின் பெற்றோர் வாழ்ந்த வீட்டின் பக்கச் சுவரும் மரக்கட்டைகளால் முண்டு கொடுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் நின்றது. நட்டஈட்டுக்கு விண்ணப்பம், பரிசோதகர் வருகை, மறுப்பு, மறுபடி விண்ணப்பம் என்று அந்த முதியவர்களின் காலம் போயிற்று. அகதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த எம்மவருக்கு அந்தக் காத்திருப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2023 மாசியில் பாராளுமன்ற விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. வாயு எடுப்பதில் குரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்றும், நாடு அவர்களுக்கு ஒரு மானக்கடன் பட்டிருக்கிறது என்றும் அது முடிவு கூறியது. 2023 ஐப்பசி முதலாம் திகதியுடன் வாயு எடுப்பது நிறுத்தப்பட்டது. 2024 இல் சட்டத்தின் மூலம் அந்த வயல் நிரந்தரமாக மூடப்பட்டது.

மானக்கடன் என்பது எழுத்தில் இல்லாத கடன்; கொடுக்காவிட்டால் மானம் போய்விடும் என்பதற்காகவே கொடுக்கப்படுவது. கணக்கியலில் எமக்கு முதலில் சொல்லித்தரும் விதிகளில் ஒன்று உண்டு. பில் கைக்கு வரவில்லை என்பதற்காகப் பொறுப்பை ஐந்தொகையில் காட்டாமல் விடக்கூடாது. பொருளைப் பெற்று அனுபவித்த நாளிலேயே கடன் பிறந்துவிடுகிறது. அறுபது ஆண்டுகளாக இந்த நாட்டின் ஒவ்வொரு சூடான வீட்டுக்கும் வந்த காஸ் பில்லில் ஒரு வரி விடுபட்டிருந்தது. இன்னொரு மாகாணத்தில் யாரோ ஒருவருடைய சுவரில் விழுந்த வெடிப்பே அந்த வரி. "தெர்மோஸ்ரற்றில் கை வைக்கும்போது அம்மாவின் வீட்டுச் சுவர் ஞாபகத்துக்கு வரும்" என்று மாஸ்ரர் ஒருமுறை வேலிக்கு மேலால் என்னிடம் சொன்னார். அதில் சோகமும் இல்லை, பிரசங்கமும் இல்லை. விலையை அறிந்தவர் ஒருவர் சாதாரணமாகச் சொன்ன சொல் அது.

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22 ஆவது அதிகாரமாகவும், ஈகை 23 ஆவது அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடாமல் தனித்தனி அதிகாரங்களாக வைத்தது சிந்திக்கத்தக்கது. இரப்பவர் கையில் கொடுப்பது ஈகை. கேட்பவர் யாரும் எதிரில் நிற்காதபோதும், ஊரோடு ஒத்து, ஊருக்குப் பயன்படும்படி தன் பொருளையும் வாழ்க்கையையும் நடத்துவது ஒப்புரவு. ஈகையில் நாம் தேர்ந்தவர்கள். ஆனால் ஒப்புரவில் கொடுப்பவரைப் பெறுபவர் காண்பதில்லை. நன்றி சொல்லவும் ஆளில்லை. மாஸ்ரர் வீட்டு 19 பாகையை இந்தப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஒரு வீட்டில் மிச்சம் பிடித்த 120 கனமீற்றர் வாயு எந்தச் சுவரை ஒட்டவைத்தது? குரோனிங்கன் வயலும் மூடப்பட்டுவிட்டது. இன்று நாம் எரிக்கும் வாயுவில் பெரும்பகுதி நோர்வேயிலிருந்து குழாய் வழியாகவும், அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து கப்பல்களிலும் வருகிறது. இனியும் குளிரில் இருப்பதற்கு என்ன நியாயம்? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஒரு வீட்டின் சிக்கனம் ஓர் அரசு செய்யவேண்டிய வேலையைச் செய்யாது. நட்டஈட்டைக் கொடுக்க வேண்டியது அரசும், இலாபம் பெற்றவர்களுமே. ஆனால் வாயு வேறிடத்திலிருந்து வருவதால் விலையின் மறைந்த வரி அழிந்துவிடவில்லை. அது எமக்குத் தெரியாத இன்னோர் இடத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கடனை முழுவதும் தீர்க்க முடியாது என்பதற்காக மேலும் மேலும் கடன் வாங்கலாம் என்று எந்தக் கணக்காளரும் ஆலோசனை சொல்லமாட்டார்.

யார் தலையில் விழுகிறது?

இவ்வளவு சொன்ன பிறகும் கோடு எங்கே என்ற கேள்வி இருக்கிறது. நல்ல காரணம் சொல்லிக்கொண்டே கஞ்சத்தனம் செய்பவர்களும் உலகில் உண்டு. சூழலைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி வேலையாட்களைக் குளிரில் இருத்தும் முதலாளியும் அதே 19 பாகையைத்தான் காட்டுவார். ஆகவே காரணத்தைக் கேட்பதோடு நிற்காமல், சிக்கனத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

என் தாயாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முழங்கால் வருத்தமும் உண்டு. ரீச்சர் வீட்டுக்குத் தேநீருக்குப் போகும் நாட்களில், அவர் போய்ச் சேரும்போது அந்த வீடு 21 பாகையில் இருக்கும். ஒரு மணித்தியாலம் முன்னதாகவே ஏற்றி வைத்திருப்பார்கள். முதியவருக்குக் கம்பளிப் போர்வையைக் கொடுத்துச் சமாளிக்கவும் இல்லை. தமது கொள்கையை விளக்கவும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டலில், குளிர் காலத்தில் வீட்டு வெப்பம் 18 பாகைக்குக் குறையாதிருப்பது நல்லது என்றும், முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நோயாளருக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் கூறுகிறது. தன் உடம்புக்கு ஒரு விதி, விருந்தினர் உடம்புக்கு வேறு விதி என்பதே அந்த வீட்டின் வழக்கம். கஞ்சரிடம் இது தலைகீழாக இருக்கும்.

மார்கழி 5 ஆம் திகதி வரும் சிந்தர்கிளாஸ் விழாவையும் எடுத்துக்கொள்ளலாம். ரீச்சரின் வகுப்பில் பிள்ளைகள் சீட்டுக் குலுக்கி, தமக்குக் கிடைத்த பெயருக்குரியவருக்குப் பரிசு செய்ய வேண்டும். பரிசின் விலைக்கு ஒரு சில யூரோ என்று வரம்பு உண்டு. அதற்கு மேல் யாரும் வாங்கக்கூடாது. ஆனால் அதைச் சுற்றி அட்டையாலும் பசையாலும் ஓர் உருவம் செய்ய வேண்டும், அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு கவிதையும் எழுத வேண்டும். எமது பெற்றோர் சிலருக்கு இது கஞ்சத்தனத்தின் உச்சமாகத் தோன்றுவதுண்டு. உண்மையில் அந்த வரம்பு வசதியான வீட்டுப் பிள்ளையின் கையைக் கட்டுகிறது. வசதியற்ற வீட்டுப் பிள்ளையின் தலையை நிமிர்த்துகிறது. காசைக் குறைத்து உழைப்பைக் கூட்டியிருக்கிறார்கள். கொடுப்பதில் குறைவு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

விரும்பி ஏற்ற குளிரும் வேறு வழியில்லாத குளிரும்

2022 மாசியில் உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்த பின் எரிவாயு விலை கட்டுக்கடங்காமல் ஏறியது. வெப்பத்தை 19 பாகைக்கு இறக்குமாறு அரசே மக்களைக் கேட்டது. அந்த ஆண்டு கார்த்திகையிலும் மார்கழியிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 190 யூரோ கழிவு கிடைத்தது. குறைந்த வருமானத்தாருக்கு 1,300 யூரோ எரிசக்திக் கொடுப்பனவும் வழங்கப்பட்டது. அப்படியிருந்தும் 15, 16 பாகையில் இருந்த வீடுகள் பல. எமது சமூகத்திலும் அவ்வாறான வீடுகள் இருந்தன. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். ஈரத்துணியை உள்ளே காயப்போட்டு, யன்னலைத் திறக்கப் பயந்து, சுவரில் பூஞ்சணம் பிடித்துப் பிள்ளைகளுக்கு இருமல் வந்த வீடுகள் அவை. அந்த வீட்டாரைப் பார்த்து "நல்ல சிக்கனம்" என்று புகழ்வது கேலியாகவே முடியும்.

இங்கு 2007 முதல் மாசி மாதத்தில் 'சூடான சுவெற்றர் நாள்' என்று ஒன்று நடைபெறுகிறது. அன்று பாடசாலைகளும் அலுவலகங்களும் வெப்பத்தைக் குறைக்கும்; எல்லோரும் தடித்த சுவெற்றர் அணிந்து வருவார்கள். 2023 இல் மாஸ்ரரின் பாடசாலையில் அதை ஒரு நாளுடன் நிறுத்தாமல் மாதம் முழுவதும் வகுப்பறைகளை 17 பாகையில் வைத்திருக்கலாம் என்ற யோசனை ஆசிரியர் கூட்டத்துக்கு வந்தது. எதிர்த்துப் பேசியவர் மாஸ்ரர். தன் வகுப்பில் சில பிள்ளைகள் மணியடிப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பே வந்து ஹீற்றருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றும், அவர்களுக்கு நாளில் சூடான இடம் இது ஒன்றுதான் என்றும் அவர் சொன்னார். யோசனை கைவிடப்பட்டது. சொந்த வீட்டில் 19 பாகைக்கு மேல் ஏற்றாதவர், அந்தப் பிள்ளைகளின் அறைக்காக வாதாடினார். இதை முரண்பாடு என்று சிலர் சொல்லலாம். என் கணக்கில் இரண்டும் ஒரே கொள்கையின் இரு பதிவுகள். எம்மிடம் இருப்பதைக் குறைத்துக்கொள்ள எமக்கு உரிமை உண்டு; இல்லாதவரிடம் இருந்து குறைக்க எவருக்கும் உரிமை இல்லை.

இந்த வேறுபாடு எம்மவருக்குப் புதிதல்ல. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லாமல், பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, சில துளி எண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான் என் வயதினர் படித்தோம். அந்தத் தட்டுப்பாட்டை நாம் விரும்பி ஏற்கவில்லை. ஆகவே அதை ஒழுக்கம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு விளக்கைச் சுற்றி அயல்வீட்டுப் பிள்ளைகளையும் இருத்திய தாய்மார் இருந்தார்கள். தட்டுப்பாடு மேலே இருந்தவர்கள் போட்டது. விளக்கைச் சுற்றி இடம் விட்டது அந்தத் தாய்மார். புகழவேண்டியது இதையே.

எமது பக்கத்து வரவு

அயலவரை மட்டும் உயர்த்திப் பேசி முடிப்பது நியாயமல்ல. அவர்களுடைய பேரேட்டிலும் ஒரு பற்றாக்குறை உண்டு. காசில் ஒப்புரவு காட்டும் இந்தச் சமூகம் நேரத்தில் மிகவும் இறுக்கமானது. நாட்குறிப்பைப் பார்த்து, மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு புதன்கிழமை பின்னேரம் என்று குறித்த பிறகே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியும். இருள் நிறைந்த ஐந்து மாதங்களில் இதனால் வாடுபவர்கள் தனித்திருக்கும் முதியவர்கள். எமது தெருமுனையில் கணவரை இழந்த ஓர் அம்மையார் இருக்கிறார். வாரம் இருமுறை என் தாயார் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சிறு பாத்திரத்தில் இரசமோ சூப்போ எடுத்துக்கொண்டு அவருடைய கதவைத் தட்டுவார். டச்சு மொழியில் அவருக்கு இருபது சொல் கூடத் தெரியாது. அதைக் கண்ட ரீச்சர், "இப்படித் தட்ட எங்களுக்கு வராது" என்றார். இப்போது சனிக்கிழமைகளில் அவரும் தட்டுகிறார். இது எம்மிடம் இருக்கும் செல்வம். இதைக் கஞ்சத்தனமாகப் பூட்டி வைக்கக்கூடாது.

அதே வேளை எமது தாராளத்தையும் இந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பிறந்தநாள் விழாவில் நூறு பேருக்குச் சமைத்து, நாற்பது பேரின் சாப்பாட்டைக் கறுத்தப் பையில் கட்டி வெளியே வைப்பது தாராளம் ஆகாது. அயலார் பார்க்க வேண்டும் என்று செய்யும் செலவு அயலாருக்குப் போய்ச் சேர்வதில்லை. 23 பாகை வீட்டில் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையுடன் நிற்க, மேல்மாடியில் யன்னல் திறந்து கிடப்பதும் விருந்தோம்பலில் சேராது. கஞ்சத்தனத்துக்கு எதிர்ப்பதம் வீண்செலவு என்று எமது பிள்ளைகள் விளங்கிக்கொண்டால், அவர்களுக்கு நாம் இரண்டு குறைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லிக்கொடுத்தவர்களாவோம்.

ஆகவே அன்பார்ந்த பெற்றோர்களே, இந்தப் பனிக்காலத்தில் "அவர்கள் ஏன் வீட்டைச் சூடாக்குவதில்லை?" என்று பிள்ளை கேட்டால் ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறாமல், இரண்டு கேள்விகளைப் பிள்ளையிடமே கொடுப்போம். இந்தச் சிக்கனத்தால் குளிருபவர் யார், சிக்கனம் செய்பவரா, வேறு யாருமா? தேவையுள்ள ஒருவர் வாசலுக்கு வந்தால் அந்த வீட்டின் சூடு ஏறுமா, ஏறாதா? இந்த இரண்டு கேள்விகளையும் அயல்வீட்டுக்குக் கேட்பதற்கு முன் எமது வீட்டுக்குக் கேட்போம். வீட்டில் முதியவரும் குழந்தையும் இருந்தால் அவர்களுடைய அறையைத் தயங்காமல் சூடாக்குவோம். நாளுக்கு இருமுறை பத்து நிமிடம் யன்னலைத் திறந்து ஈரக்காற்றை வெளியேற்றுவோம். எமக்கு மட்டும் என்று வரும்போது ஒரு சுவெற்றரை எடுத்துப் போடுவோம். பில் கட்டமுடியாமல் சிரமப்படும் குடும்பம் எமது தெருவிலோ எமது சங்கத்திலோ இருந்தால், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் மாநகரசபை உதவி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்போம். அந்த வேலையை எழுதத் தெரிந்த எவரும் செய்யலாம். எனக்கும் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நேரம் இருக்கிறது.